மஞ்சள் கூட்டின் மேல் ஒரு ஈ

1

இந்தக் கதை எனக்கு ரயிலில் கிடைத்தது. ஊத்துக்குளி தாண்டி, திருப்பூர் வருவதற்குள். எதிர் இருக்கையில் ஓர் அம்மாள், மடியில் சாப்பாட்டுப் பை, கையில் போன். போனில் ஒரு ஈயின் முகம். பேரப்பிள்ளையின் படத்தைப் பார்க்கிற மாதிரி அதை இரண்டு விரலால் விரித்து விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் எட்டிப் பார்ப்பதைக் கவனித்துவிட்டார். "இது யாருன்னு தெரியலீங்க," என்றார்.

ஈயைப் போய் 'யார்' என்று கேட்டது எனக்கு ரொம்பவும் பிடித்துவிட்டது. மேற்கொண்டு விசாரிப்பதற்குள் திருப்பூர் வந்துவிட்டது. அவர் இறங்கிக் கூட்டத்தோடு போய்விட்டார்.

நடந்தது அவ்வளவுதான். மீதி எல்லாம் என் கைச்சரக்கு. பிற்பாடு யாரும் என்னை வந்து பிடிக்கக் கூடாது என்பதற்காக இப்போதே சொல்லிவிடுகிறேன்.

2

முதலில் எழுதிய தொடக்கம்: "இப்பூவுலகில் எண்ணற்ற ஈக்கள் உள்ளன. அவற்றுள் ஒன்று—"

வேண்டாம். இப்படித் தொடங்கும் கதையை நானே படிக்க மாட்டேன்.

அடுத்தது: "பனியன் கம்பெனியின் சங்கு ஊதியதும் சித்ராதேவி—"

எந்தக் காலத்துச் சங்கு? இப்போதெல்லாம் வாசலில் விரல் வைத்தால் மெஷின் ஒரு கீச்சு கீச்சுகிறது. சங்கை அடித்தாயிற்று.

மூன்றாவதில் ஒரு பேராசிரியர் வந்தார். விலங்கியலில் ஓய்வு பெற்றவர். எந்த ஈயைக் காட்டினாலும் சரியான பெயரைச் சொல்லிவிடுவார். தப்பே செய்யாத மனிதரை வைத்துக்கொண்டு நான் என்ன கதை எழுதுவது? மாலை போட்டு அனுப்பிவைத்துவிட்டேன்.

கடைசியில் நின்றது இந்த ஒரு வரிதான்: சித்ராதேவிக்கு ஈ பிடிக்கும்.

3

சித்ராதேவிக்கு ஈ பிடிக்கும். எல்லா ஈயும் அல்ல. மாம்பழத்தை மொய்ப்பதைப் பற்றி அவளுக்கு ஓர் அபிப்பிராயமும் கிடையாது. வேறொரு பூச்சியின் புழுவைத் தேடிப் பிடித்து, அதன் முதுகில் முட்டையை ஒட்டிவிட்டுப் பறந்துபோகிற ஈக்கள் இருக்கின்றன. முட்டையிலிருந்து வரும் குஞ்சு அந்தப் புழுவுக்குள்ளேயே குடியிருந்து, அதையே தின்று வளரும். ஒட்டுண்ணி ஈ என்பார்கள். அவள் ஆட்கள் அவைதான்.

எல்லாம் மொட்டைமாடிக் கறிவேப்பிலைச் செடியில் ஆரம்பித்தது. இலையைத் தின்ற பச்சைப் புழு ஒன்றைப் பட்டாம்பூச்சியாகும் என்று பாட்டிலில் போட்டு வைத்தாள். தினமும் போய் எட்டிப் பார்த்தாள். ஒரு காலையில் பாட்டிலுக்குள் முள்முள்ளாய் மயிர் வைத்த ஓர் ஈ, தான்தான் அந்த வீட்டுச் சொந்தக்காரன் என்கிற தோரணையில் உட்கார்ந்திருந்தது. முதலில் ஏமாற்றம். அப்புறம் கோபம். பிறகு, இது யார் என்று தெரிந்துகொண்டே தீர வேண்டும் என்கிற பைத்தியம். அந்தப் பைத்தியம் இன்னும் தெளியவில்லை. தெளியவும் வேண்டாம் என்று இருக்கிறாள்.

பூச்சிப் படங்களைப் போட்டுப் பெயர் கேட்கும் இணையதளம் ஒன்று உண்டு. அதில் நம் பக்கத்து ஈ ஏதாவது வந்தால் பதில் சொல்வது பெரும்பாலும் இவள்தான். பாதிப் பேருக்கு இவளுடைய பதில் ஒன்றே ஒன்று: "படத்தை வைத்து இதற்கு மேல் சொல்ல முடியாது." இந்தச் சின்ன ஈக்களுக்குள் வித்தியாசம் என்பது காலில் ஒரு மயிர், இறக்கை நரம்பில் ஒரு வளைவு. படத்தில் அது விழுந்திருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. கேட்டவர்கள் கோபித்துக்கொள்வார்கள். அவள் கோபித்துக்கொள்வதில்லை.

பிழைப்புக்கு, பெருமாநல்லூர் சாலையில் ஓர் ஏற்றுமதிக் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். துணி வாங்கும் வெளிநாட்டு பையர் கேட்ட நிறமும் சாயப்பட்டறையிலிருந்து வந்த துணியின் நிறமும் ஒன்றுதானா என்று பார்த்துச் சொல்வதிலேயே அவள் பொழுது பாதி கழியும். இதற்கென்று ஒரு லைட் பாக்ஸ் உண்டு, உள்ளே வகைவகையாய் விளக்கு. ஒரு விளக்கில் அக்கா தங்கையாய்த் தெரியும் இரண்டு துணி, விளக்கை மாற்றினால் ஓரகத்திகளாகிவிடும். துணியைப் போனில் படம் பிடித்து அனுப்பினால் இன்னும் மோசம். ஆகையால் யார் எந்தப் படத்தை அனுப்பினாலும், முதல் காரியமாக அதில் வெள்ளை எது என்று தேடுவாள். மேஜையோ தாளோ, அந்த வெள்ளையைச் சரியான வெள்ளையாக்குவாள். அதோடு சேர்ந்து மற்ற நிறங்களும் ஒழுங்குக்கு வந்துவிடும். ஆபீசில் இதற்கு 'வெள்ளை வைப்பது' என்று பெயர். கேட்காமலே கை செய்துவிடும், செருப்பைக் கழற்றிவிட்டு வீட்டுக்குள் போவது மாதிரி.

"யக்கா, சோறு திங்கையிலயுமா ஈய பாப்பீய?" என்று கேட்பாள் சின்னத்தாய். செக்கிங் பிரிவின் சூப்பர்வைசர், திருநெல்வேலிப் பக்கம். மதியச் சாப்பாட்டுக்கு இருவரும் கூட்டு.

"ஈ நம்ம தட்டுல இல்லையே சின்னத்தாயி, போன்லதானே இருக்குது. தின்னு."

(எழுதிப் படித்துப் பார்த்தபோது எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. இவள் கொஞ்சம் அதிகமாகவே நல்லவளாக இல்லையா? தெரியாததைத் தெரியாது என்கிறாள், கோபம் வருவதில்லை, சிரிக்கிறாள். பேராசிரியருக்கும் இவளுக்கும் சேலைதான் வித்தியாசம் என்று ஆகிவிடும். எனவே இவளுக்கு ஒரு வீம்பு கொடுக்கிறேன்.)

4

வீம்பின் பெயர் கந்தவேல். அவளுடைய ஒரே தம்பி.

தறியில் தொடங்கி பனியனுக்கு வந்த குடும்பம் அது. அப்பா விட்டுப்போன நிட்டிங் மெஷின்களைக் கந்தவேல் விற்றுவிட்டான். கொமரலிங்கத்தில் அமராவதித் தண்ணீர் பாயும் நிலம் பார்த்து, மனைவி கிருத்திகாவோடு சேர்ந்து மல்பெரி நட்டு, பட்டுப்புழு வளர்க்கப் போனான். அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த எரிச்சலில், பங்காளி வீட்டுக் கல்யாணப் பந்தியில் நாலு பேர் காதில் விழும்படி சித்ராதேவி சொன்னாள்: "தலைமுறை தலைமுறையாத் துணியில பொழைச்ச குடும்பம். இவன் புழுவுக்குத் தழை போடப் போறானாமா."

கந்தவேல் பாயசத்தைத் தொடாமல் இலையை மடித்தான். "துணி எங்கிருந்து வருதுன்னு ஒருக்கா வந்து பாருங்க்கா," என்றான். எழுந்து கை கழுவப் போய்விட்டான்.

அவள் போகவில்லை. ஷெட்டுக்குப் பூஜை போட்டபோது பத்திரிகை வைத்தான். ஷிப்மெண்ட் இருக்கிறது என்று சொல்லிவிட்டாள். அதன் பிறகு தைப்பூசத்துக்குத் தைப்பூசம் சிவன்மலையில் பார்த்துக்கொள்வதோடு சரி. "நல்லாருக்கியாப்பா?" "இருக்கறனுங்க." முருகனுக்கு முன்னால் சண்டை போட முடியாது, அதனால் அந்த அளவுக்காவது பேச்சு இருந்தது.

அவளுக்குப் போக வேண்டும் என்றுதான் இருந்தது. ராத்திரி படுக்கும்போது, இந்த ஞாயிற்றுக்கிழமை போய்விடலாம் என்று தோன்றும். போனால் அவன் சொன்னது சரி என்று ஆகிவிடுமே என்று காலையில் தோன்றும். தம்பி இல்லாமல் அவளுக்கு வலித்தது. அதைச் சொல்ல அவளுக்கு ஆள் இல்லை, நான் சொல்லிவிட்டேன்.

5

சித்திரை வெயிலில் ஒரு மதியம், சோற்றுக்கு நடுவில், போனில் ஒரு படம் வந்தது. கந்தவேலிடமிருந்து.

ஒரு பட்டுக்கூடு. அதன் மேல் ஓர் ஈ. கீழே ஒரு வரி: "அக்கா, இது ஊசி ஈயாங்க?"

*

[* ஊசி ஈயும் ஒட்டுண்ணி ஈதான், பட்டுப்புழுவைக் குறிவைப்பது. புழுவின் மேல் முட்டையிட்டால் அங்கே ஒரு கரும்புள்ளி தெரியும், புழு பிழைக்காது. புழு வளர்க்கிறவர்கள் இந்த ஈயின் பெயரைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்துவார்கள். பிரச்சினை என்னவென்றால், இதே சாயலில் வேறு ஈக்களும் உண்டு. அவை தோட்டத்துப் புழுக்களோடு தம் பாட்டைப் பார்த்துக்கொள்ளும், பட்டுப்புழுப் பக்கம் வராது.]

கந்தவேலின் புழுக்கள் கடைசித் தோல் உரித்துவிட்டன. தின்று முடித்து முந்திப் பழுத்தவை கூடு கட்டத் தொடங்கியிருந்தன. மற்றவை இன்னும் தழை தின்றுகொண்டிருந்தன. ஊசி ஈ என்றால் கதவு ஜன்னல் எல்லாவற்றையும் உடனே அடைக்க வேண்டும். ஆனால் இந்த வெயிலில் அடைத்தால் உள்ளே புழு வெந்துபோகும். அடைக்காவிட்டால், வலை போட்டிருந்தாலும் ஏதாவது இடுக்கில் ஈ நுழையும். ஈ எது என்று தெரிந்தால்தான் இரண்டில் ஒன்றைத் துணிய முடியும். அவனுடைய அத்தனை நாள் பாடும் அந்த ஒரு பெயரில் நின்றது.

அவ்வளவு காலம் கழித்துத் தம்பி அவளிடம் ஒன்று கேட்டிருக்கிறான். கேட்டதும் அவளுக்கு உயிராய் இருக்கிற விஷயத்தில். அவள் கை கழுவக்கூட எழவில்லை. இடது கையால் படத்தைப் பெரிதாக்கினாள். படம் முழுக்க மஞ்சளோடிக் கிடந்தது. ஷெட்டுக்குள் மஞ்சள் பல்பு போட்டிருப்பான் என்று நினைத்தாள். விரல் தன் பழக்கப்படி வெள்ளையைத் தேடிக் கூட்டின் மேல் போய் நின்றது. வெள்ளை வைத்தாள். கூடு பால் வெள்ளையாயிற்று. ஈயின் முகம் வெள்ளியாய், உடம்பு சாம்பலாய், முதுகில் கறுப்புக் கோடுகள் பளிச்சென்று எழுந்தன, அச்சு அசல் ஊசி ஈ மாதிரி.

"ஊசி ஈதான். எல்லாத்தையும் அடைச்சிரு. மருந்துப் பொடி தூவு. அக்கம்பக்கத்து ஷெட்டுக்கும் சொல்லீரு," என்று எழுதி அனுப்பினாள்.

ஊரார் எல்லாருக்கும் சொல்லும் அந்த ஒற்றை வரியை அவனுக்கு மட்டும் சொல்லவில்லை. தம்பியிடம் போய் 'தெரியாது' என்று சொல்ல மனசு வரவில்லை.

"சரிங்க்கா," என்று பதில் வந்தது. அந்தச் 'சரிங்க்கா'வை அவள் திரும்பத் திரும்பப் பார்த்தாள். டப்பாவிலிருந்த மைசூர்பாகைச் சின்னத்தாய்க்கு முழுசாய்க் கொடுத்துவிட்டாள்.

6

மறுநாள் மதியம் அடுத்த படம் வந்தது. ஷெட் வாசலில், நல்ல வெயிலில், கந்தவேல் நிற்கிறான். கையில் சந்திரிகை, அதாவது கூடு கட்டுவதற்காகப் புழுக்களை விடும் மூங்கில் தட்டு. "அடைச்சுப்போட்டமுங்க. உள்ள அனலா இருக்குது. பழுத்ததை மட்டும் வலை கட்டி வெளிய வெச்சுருக்குதுங்க. பக்கத்து ஷெட்டெல்லாம் அடைச்சுட்டாங்க," என்று எழுதியிருந்தான்.

சித்ராதேவி படத்தைப் பார்த்தாள். தம்பி போட்டிருந்த பனியன் புதுசு. வெளேரென்று இருந்தது. அதற்கு வெள்ளை வைக்க வேண்டிய அவசியமே இல்லை.

கையிலிருந்த சந்திரிகை நிறைய கூடுகள் மஞ்சளாய் இருந்தன. அரைத்து வைத்த மஞ்சள் மாதிரி, நிஜ மஞ்சள்.

நேற்றைய படத்தை எடுத்து, வைத்த வெள்ளையை நீக்கினாள். கூடு பழையபடி மஞ்சளாயிற்று. ஈயின் முகம் பொன்னிறத்துக்குத் திரும்பியது. ஊசி ஈக்கு அப்படிப் பொன்முகம் அவள் பார்த்ததில்லை. அதற்காக இல்லவே இல்லை என்றும் அடித்துச் சொல்ல முடியாது, ஏனென்றால் மஞ்சள் கூட்டின் பக்கத்தில் எந்த முகத்துக்கும் கொஞ்சம் மஞ்சள் ஒட்டத்தான் செய்யும்.

"என்னக்கா, மொகம் இப்படி ஆயிட்டு?" என்றாள் சின்னத்தாய்.

விஷயத்தைச் சொன்னாள்.

"அது சரி. தம்பி ஷெட்டுல கூடு என்ன நெறம்னு உங்களுக்குத் தெரியாதாக்கா?" சின்னத்தாய் வெகுளியாகத்தான் கேட்டாள்.



(இந்த மஞ்சள் எப்படி வந்தது என்று சொல்ல வேண்டும். என் முதல் வரைவிலேயே கூடு மஞ்சள்தான். பட்டு என்றால் பொன்னிறம் என்று என் மண்டையில் ஏறியிருந்தது. உடுமலைப் பக்கத்து நண்பர் ஒருவர் படித்துவிட்டு, "இப்பெல்லாம் பெரும்பாலும் வெள்ளைக்கூடுதானுங்க. மஞ்சள் போடறவங்க கொஞ்சப் பேர்தான்" என்றார். எல்லா மஞ்சளையும் தேடிப் பிடித்து மாற்றச் சோம்பலாக இருந்தது. கந்தவேலைப் பிடிவாதக்காரனாக்கி, அந்தக் கொஞ்சப் பேரில் ஒருவனாக்கிவிட்டேன். அவன் பிடிவாதம் என் சோம்பலிலிருந்து வந்தது என்று தெரிந்தால் வருத்தப்படுவான். நீங்கள் சொல்லிவிட வேண்டாம்.)

7

சாப்பாட்டு டப்பாவை மூடிவிட்டு, மாடிப்படியில் போய் நின்று போன் போட்டாள்.

"கந்தா, நான் தப்பாச் சொல்லிப்போட்டேன்."

"ஊசி ஈ இல்லீங்களா?"

"தெரியல. ஆமாங்கறதுக்கும் இல்ல, இல்லைங்கறதுக்கும் இல்ல. உன்ற கூடு வெள்ளைன்னு நெனச்சுப் படத்தைத் திருத்திப்போட்டேன். அதுல ஈயோட நெறமே மாறிப்போச்சு."

"ஏனுங்க்கா, ஆரம்பிச்சதுல இருந்து மஞ்சக்கூடுதானுங்களே நம்முளுது. அது செரி. உங்களுக்கு எப்படித் தெரியும்."

குத்திக் காட்டும் குரலில் சொல்லவில்லை. அதுதான் அவளுக்கு நன்றாய்க் குத்தியது.

"ஜன்னலைத் தொறந்துரு கண்ணு. வலையை மட்டும் எறக்கி உடு. பக்கத்து ஷெட்டுக்காரங்களுக்கு நானே கூப்பிட்டு, என்ற தப்புன்னு சொல்லிர்றேன்."

"அதை நாஞ் சொல்லிக்கறனுங்க. அக்கா பேரை எதுக்குங்க இழுக்கறது."

"புழு மேல கரும்புள்ளி ஏதாச்சும் தெரியுதா?"

"ஒண்ணு ரெண்டுல என்னமோ இருக்குது. அழுக்கா புள்ளியான்னு வெளங்கல. ஒரு ஈயைக் கிருத்திகா ஊறுகாய் பாட்டில்ல புடிச்சு வெச்சிருக்குது. நேர்ல பாத்தா உங்களுக்குத் தெரிஞ்சுருமுங்களா?"

"பாத்தாச் சொல்லலாம்."

"அப்பக் கூரியர்ல போட்டு உடட்டுங்களா?"

இந்த இடத்தில் நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். அவள் தொழிலில் இதற்குப் பதில் ரெடியாக இருக்கிறது. நாள் பூராவும் சாயப்பட்டறைக்காரர்களிடம் சொல்வதுதான்: பீஸை அனுப்புங்க, பார்த்துட்டுச் சொல்றேன். "போட்டு உடு" என்று அவள் சொல்லிவிட்டால் கதை இங்கேயே ஒரு கவருக்குள் போய் ஒட்டிக்கொள்ளும். நான் அவளுக்காக எந்த வசனமும் எழுதாமல் காத்திருந்தேன்.

"கூரியர் வேண்டாம்," என்றாள் சித்ராதேவி. "நான் வர்றேன்."

கந்தவேல், "கிருத்திகா! அக்கா வர்றாங்களாமா!" என்று ஷெட்டுக்குள் பார்த்துக் கத்தியது போனிலேயே கேட்டது.

8

இனி முடிவு. எழுதி வைத்திருப்பதையெல்லாம் உங்கள் முன் பரப்புகிறேன்.

அ. பாட்டிலில் இருப்பது ஊசி ஈதான். புழுக்கள் கொத்துக் கொத்தாய்— இதை எழுதிவிட்டுத் தண்ணீர் குடித்து வந்து பார்த்தேன். மனசு ஒப்பவில்லை. தன்னைத் திருத்திக்கொண்டவளுக்கு, முதலில் சொன்னதே சரி என்று காட்டுவது விஷமம்.

ஆ. சாதாரணத் தோட்டத்து ஈ. எல்லோரும் சிரிக்கிறார்கள். கோழி அடிக்கிறார்கள். எனக்கும் பசிதான், ஆனாலும் இவ்வளவு சுளுவாய் விட்டுவிட முடியாது.

இ. உலகத்தில் யாரும் பார்த்திராத புது ஈ. அதற்குக் கந்தவேலின் பெயரையே வைத்து, பத்திரிகைக்காரர்கள் கொமரலிங்கத்துக்கு வேன் பிடித்து—

போதும்.

9

மறுநாளே லீவு போட்டுவிட்டு உடுமலை வழியாகப் பஸ்ஸில் போனாள். வெறுங்கையோடு போகக் கூடாது என்று, கம்பெனிக் கடையில் தம்பி அளவுக்கு ஒரு கட்டுப் பனியன் எடுத்துக்கொண்டாள். கைப்பையில் பூச்சி பார்க்கும் லென்ஸ். ரோட்டிலேயே நின்றிருந்தான் கந்தவேல். இளைத்திருந்தான். பனியன் கட்டை நீட்டினாள். வாங்கி அக்குளில் இடுக்கிக்கொண்டு, "இதுக்கெல்லாம் எதுக்குங்க்கா," என்றான். முகமெல்லாம் சிரிப்பு.

ஷெட் வாசலுக்கு வந்ததும் அவள் வானத்தைப் பார்த்தாள். "தூறுதா என்ன?"

"தூறலுங்களா? இந்த வெயில்லயா?" கந்தவேல் உரக்கச் சிரித்தான். "புழு தழை திங்கற சத்தமுங்க்கா அது."

கிருத்திகா ஊறுகாய் பாட்டிலோடு வந்தாள். வாயில் மல் துணி கட்டி, மேலே மூடியைத் தொட்டும் தொடாமல் வைத்திருந்தாள். உள்ளே ஈ விட்டு விட்டு முனகியது. "பாத்துச் சொல்லீர்றீங்களாக்கா? இவிங்க ராத்திரி தூங்கவே இல்லீங்க," என்றாள்.

சித்ராதேவி பாட்டிலை வாங்கினாள். லென்ஸை எடுக்கக் கைப்பைக்குள் கை போனது. பக்கத்தில் கந்தவேல் கதவு வலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, உள்ளே வரச் சொல்லாமல், அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"இது எங்க போயிரப் போகுது," என்றாள். "முதல்ல துணி எங்கிருந்து வருதுன்னு காட்டுப்பா."

பாட்டிலை வாசல் மதில்மேல் வைத்தாள். மூவரும் உள்ளே போனார்கள். வலை இறங்கியது.

நானும் நீங்களும்தான் வெளியே இருக்கிறோம். எனக்கு உள்ளே போய் அந்தச் சத்தத்தைக் கேட்க வேண்டும், நான் கிளம்புகிறேன். ஈ யார் என்று உங்களுக்குத் தெரிந்தாக வேண்டுமென்றால் பாட்டிலை எடுங்கள். வெயிலில் வைத்துப் பாருங்கள், முகம் பொன்னா வெள்ளியா என்று. என்னைக் கேட்டால், எழுத்தை வைத்து இதற்கு மேல் சொல்ல முடியாது. பார்த்துவிட்டுத் துணியை மட்டும் இறுக்கிக் கட்டிவிடுங்கள். உள்ளே புழுக்கள் தின்றுகொண்டிருக்கின்றன.